தண்டுவட ஸ்டிமுலேட்டர்: உடம்புக்குள் ஒரு கருவியோடு வாழ்வது

வாரத்தில் இரண்டு நாள், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், என் அக்கா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டிக்கொள்வாள். பெல்ட்டுக்குள் வட்டமாக ஒரு சார்ஜர் இருக்கும். பின்னிடுப்பின் வலது பக்கம், தோலுக்கு அடியில் ஒரு கருவி இருக்கிறது. அதற்கு நேராக வரும்வரை சார்ஜரைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று நகர்த்திக்கொண்டே இருப்பாள். இடம் சரியாக அமைந்ததும் ‘பீப்’ சத்தம் நின்றுவிடும். அப்புறம் ஒரு மணி நேரம் டிவி பார்ப்பாள், அல்லது கீரை ஆய்வாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருநாள், “பெரியம்மா, உங்களுக்கே சார்ஜ் போடுறாங்களா?” என்று கண்ணை விரித்துக் கேட்டது. “ஆமாடா, எனக்குத்தான்” என்றாள்.

அக்கா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். டிஸ்க் விலகி இரண்டு முறை ஆபரேஷன் ஆனது. எலும்பும் டிஸ்க்கும் சரியாகிவிட்டதாக ஸ்கேன் சொன்னது. இடது காலில் இருந்த எரிச்சல் மட்டும் போகவில்லை. நான்கு வருடம் அப்படியே கழிந்தபிறகு, 2022-இல் இந்தக் கருவியைப் பொருத்தினார்கள். தண்டுவடத்துக்கு மெல்லிய மின்துடிப்பு அனுப்பி வலியைக் குறைக்கப் பார்க்கும் இதற்குத் தண்டுவட ஸ்டிமுலேட்டர் என்று பெயர். இதைப் பற்றி முதல்முறை கேள்விப்படுகிறவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உள்ளே கரண்ட் ஓடுமா? வலி முழுசாகப் போய்விடுமா? குனியலாமா? கோயிலுக்குப் போகலாமா? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. கூடவே இருந்து பார்த்தவன், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான்.

முதலில் வலியைப் பற்றிக் கொஞ்சம். சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால் வெடுக்கென்று கையை எடுக்கிறோம். அந்த வலி நம்மைக் காப்பாற்றுகிற வலி. புண் ஆறினால் அதுவும் அடங்கிவிடும். மூன்று மாதத்துக்கு மேலும் அடங்காமல் இருப்பதை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். அதில் ஒரு வகை, நரம்பே பழுதுபட்டதால் வருவது. வருடக்கணக்கில் அழுத்தப்பட்டுக் கிடந்த நரம்பு, அழுத்தம் போன பிறகும் அடிபட்டதைப் போலவே மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். இதை அனுபவிக்கிறவர்கள் ‘வலி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்த மாட்டார்கள். எரியுது, மதமதன்னு இருக்கு, ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கு, எறும்பு ஊருது என்பார்கள். மருத்துவரிடம் இந்தச் சொற்களை அப்படியே சொல்லுங்கள். ஸ்டிமுலேட்டர் உதவக்கூடியது பெரும்பாலும் இந்த வகை வலிக்குத்தான். மூட்டுத் தேய்மானத்தால் வரும் வலிக்கோ, எலும்பு நிலையாக நிற்காமல் ஆடுவதால் வரும் வலிக்கோ இது மருந்தல்ல.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் தொடரும் இந்த நிலைக்கு ‘ஃபெயில்டு பேக் சர்ஜரி சிண்ட்ரோம்’ என்று ஒரு பெயர் வெகுநாள் புழங்கியது. அக்காவின் ஃபைலிலும் அதுதான் எழுதியிருந்தது. ‘ஃபெயில்’ என்ற சொல்லைப் பரீட்சைத் தாளில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத யோசித்தவள், தன் ஃபைலில் அதைப் பார்த்ததும் வாடிப்போனாள். இப்போது ‘பெர்சிஸ்டெண்ட் ஸ்பைனல் பெயின் சிண்ட்ரோம்’, அதாவது விடாமல் தொடரும் முதுகுத்தண்டு வலி என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது நல்ல காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, கருவி என்னதான் செய்கிறது?

குழந்தை நெற்றியை இடித்துக்கொண்டு அழுதால் அம்மா என்ன செய்வாள்? அந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்துவிடுவாள். குழந்தைக்குக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். இது வெறும் சமாதானமில்லை. தொடுதலையும் தேய்ப்பையும் சுமந்து வருவது பருமனான நரம்பிழைகள். வலியைக் கொண்டுவருவது மெல்லிய இழைகள். இரண்டும் தண்டுவடத்தில்தான் வந்து சேர்கின்றன. அங்கே ஒரு வாசல் இருப்பதாகவும், பருமனான இழைகளில் சேதி நிறைய வந்தால் அந்த வாசல் வலிக்குப் பாதி சாத்திக்கொள்வதாகவும் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1965-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அடுத்த இரண்டே வருடத்தில், 1967-இல், நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர், புற்றுநோய் வலியில் தவித்த ஒருவரின் தண்டுவடத்தின் மேல் மின்முனை வைத்து முதல்முறையாக இதைச் செய்து பார்த்தார். மின்சாரத்தால் வலியைத் தணிக்கலாம் என்ற எண்ணம் இன்னும் பழையது. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், தலைவலிக்கும் கீல்வாத வலிக்கும் உயிருள்ள மின்திருக்கை மீனை உடம்பில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்.

வாசல் கதை ஆரம்பப் புரிதலுக்கு நல்ல கதை, முழுக் கதை இல்லை. பழைய முறையில் வினாடிக்கு 40 முதல் 60 மின்துடிப்பு வரை அனுப்புவார்கள். வலிக்கிற இடத்தில் மெல்லிய குறுகுறுப்பு தெரியும். அந்தக் குறுகுறுப்புதான் வலியை மூடுகிறது என்று நம்பினார்கள். அப்புறம் வினாடிக்கு 10,000 துடிப்பு அனுப்பும் முறை வந்தது. 2015-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதில் குறுகுறுப்பே தெரியாது, ஆனாலும் பலருக்கு வலி குறைகிறது. கொத்துக் கொத்தாகத் துடிப்பு அனுப்பும் ‘பர்ஸ்ட்’ என்ற முறையும் உண்டு. எது எப்படி வேலை செய்கிறது என்ற ஆராய்ச்சி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. பழுதான நரம்பைக் கருவி சரிசெய்வதில்லை, அந்த நரம்பு அனுப்பும் சேதி மூளைக்குப் போகும் வழியில் குறுக்கிடுகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் அதிலிருந்தே புரிந்துவிடும்.

கருவியில் இரண்டு பகுதி உடம்புக்குள் இருக்கும். ஒன்று, லீட் என்று சொல்லும் மெல்லிய கம்பி. நுனியில் பெரும்பாலும் எட்டுச் சின்ன உலோக வளையங்கள் இருக்கும். இது தண்டுவடத்துக்குள் போவதில்லை. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே, எலும்புக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் படுத்திருக்கும். பிரசவத்தில் வலி தெரியாமலிருக்க முதுகில் எபிடியூரல் ஊசி போடுகிறார்களே, அதே இடைவெளிதான். இடுப்பு, கால் வலி என்றால் கம்பியின் நுனியை நடுமுதுகு உயரம் வரை மேலே ஏற்றுவார்கள். காலில் உள்ள வலிக்கு ஏன் நடுமுதுகு என்று நாங்களும் கேட்டோம். கால் நரம்புகளின் சேதி தண்டுவடம் வழியாக மேலே ஏறும்போது அந்த இடத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்றார் மருத்துவர். இரண்டாவது பகுதி, துடிப்பை உண்டாக்கும் பேட்டரிப் பெட்டி. ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவு. வெளியே நம் கையில் ஒரு ரிமோட்டும், சார்ஜ் போடுகிற வகை என்றால் ஒரு சார்ஜரும் இருக்கும்.

இந்தச் சிகிச்சையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஒத்திகை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பது. டிஸ்க் ஆபரேஷனை ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல முடியாது. இங்கே முடியும். அதை ‘ட்ரையல்’ என்பார்கள். குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, எக்ஸ்ரேயில் பார்த்தபடியே ஊசி வழியாகக் கம்பியை உள்ளே விடுவார்கள். அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். குறுகுறுப்பு எங்கே தெரிகிறது என்று மருத்துவர் கேட்கக் கேட்க, “தொடையில… இல்ல, இப்ப முழங்காலுக்குக் கீழ… ஆங், அங்கதான் டாக்டர், எரியிற இடத்துலயே” என்று சொன்னாளாம். கம்பியின் மறுமுனை முதுகுக்கு வெளியே வந்து, இடுப்பில் ஒட்டிய ஒரு சின்னப் பெட்டியோடு சேரும். அதோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ட்ரையல் பொதுவாக ஒரு வாரத்தை ஒட்டி நடக்கும். அதுவரை குளிக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். குனியவும் கூடாது.

அந்த வாரம் ஒரு நோட்டில் தினமும் எழுதச் சொன்னார்கள். வலி பத்துக்கு எத்தனை என்று எண் மட்டும் எழுதினால் போதாது, என்ன செய்ய முடிந்தது என்றும் எழுதுங்கள் என்றார் மருத்துவர். அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. முதல் நாள்: “எண் 7. தூங்கவில்லை. கம்பி இழுக்குமோ என்று பயம்.” மூன்றாம் நாள்: “எண் 4. குழம்பு கொதித்து இறக்கும்வரை அடுப்படியில் நின்றேன். ஸ்டூல் தேடவில்லை.” ஐந்தாம் நாள் ஒரே ஒரு வரி: “விடியும்வரை தூங்கினேன்.” வலி குறைந்தபட்சம் பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி என்பது வழக்கமான அளவுகோல். குறையாவிட்டால் கம்பியை உருவிவிடுவார்கள், பெரிய ஆபரேஷனிலிருந்து தப்பித்தோம் என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வாரம் “எப்படி இருக்கு, குறைஞ்சிடுச்சா?” என்று மணிக்கொரு தடவை கேட்காதீர்கள். நம்மைச் சந்தோஷப்படுத்துவதற்காகவே ‘குறைஞ்சிடுச்சு’ என்று சொல்லிவிடுவார்கள். அக்காவிடம் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ட்ரையலுக்கு முன்னால் மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொல்வதுண்டு. ‘வலி பொய்யென்று நினைக்கிறார்களோ’ என்று பலர் மனம் நொந்துபோகிறார்கள். அப்படியில்லை. நாள்பட்ட வலியோடு மனச்சோர்வும் தூக்கமின்மையும் சேர்ந்தே வரும், அவற்றைக் கவனிக்காமல் கருவி மட்டும் வைத்தால் பலன் குறையும். அதற்காகத்தான்.

நிரந்தரக் கருவிக்குத் தேதி குறித்ததும் ஒன்றைக் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்: பெட்டி எந்த இடத்தில் வரும்? பெரும்பாலும் புட்டத்தின் மேல்பகுதியிலோ விலாவுக்குக் கீழேயோ வைப்பார்கள். சேலை கட்டுகிறவர்களுக்குப் பாவாடை நாடா விழுகிற கோட்டில் அது வந்துவிட்டால் தினமும் உறுத்தும். ஆண்களுக்கு பெல்ட்டும் பின்பாக்கெட் பர்ஸும் அதே தொல்லையைத் தரும். அக்கா வழக்கமாகக் கட்டும் விதத்தில் சேலை கட்டிக்கொண்டு போனாள். நாடா விழும் இடத்துக்குக் கீழே மருத்துவர் பேனாவால் வட்டம் போட்டார். உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தார். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள், சார்ஜர் வைக்க எந்தக் கை எட்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஐந்து நிமிட வேலைதான். வருடக்கணக்கில் அதன் பலன் தெரிகிறது.

ஆபரேஷன் பெரிதில்லை, ஒன்றிரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு வரும் ஆறு முதல் எட்டு வாரம்தான் கஷ்டம். கம்பியை உள்ளே தையல் போட்டுக் கட்டியிருப்பார்கள். அதைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து இறுகப் பிடித்துக்கொள்ள அவ்வளவு நாள் ஆகும். அதுவரை குனியக் கூடாது, முறுக்கித் திரும்பக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தக் கூடாது. நம் வீடுகளில் இதன் பொருள் என்ன? கோலம் போட முடியாது. தரையில் உட்கார்ந்து எழ முடியாது. கொடியில் துணி காயப்போட முடியாது. தண்ணீர்க்குடம், அரிசி மூட்டை, பேரப்பிள்ளை எதையும் தூக்க முடியாது. மேல் தட்டிலிருக்கும் குக்கரை எட்டி எடுக்க முடியாது. நாங்கள் ஆபரேஷனுக்கு முதல் நாளே அடுப்படிச் சாமான் எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு மாற்றி வைத்தோம். மீறினால் கம்பி நகர்ந்துவிடும். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே கால் வலிக்கு வர வேண்டிய குறுகுறுப்பு விலாவில் வரலாம். சில நேரம் ரிமோட்டில் அமைப்பை மாற்றியே சரிசெய்துவிடலாம். முடியாவிட்டால் மறுபடி ஆபரேஷன்தான். இந்தக் கருவியில் அதிகம் வரும் சிக்கல்களில் கம்பி நகர்வது முக்கியமானது.

காயம் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். தொற்று கருவி வரை இறங்கிவிட்டால் பெரும்பாலும் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்வது இதனால்தான்.

இனி அன்றாடம். குறுகுறுப்பு தெரிகிற வகைக் கருவியாக இருந்தால் முதல் மாதம் ஒரு விஷயம் திகைக்க வைக்கும். நிற்கும்போது இதமாக இருந்த குறுகுறுப்பு, மல்லாந்து படுத்ததும் திடீரென்று பலமாகும். தண்டுவடம் நீருக்குள் மிதக்கிற பொருள். மல்லாந்தால் அது பின்பக்கம் சாய்ந்து கம்பிக்குக் கிட்டே வருகிறது, அதே மின்சாரம் அதிகமாகத் தெரிகிறது. இருமினாலும் தும்மினாலும் ஒரு நொடி சுரீரென்று வரும். அக்கா முதல் தடவை தும்மியபோது கருவி கெட்டுவிட்டது என்று அழுதேவிட்டாள். இது பழுதில்லை. படுக்கைக்கு ஒன்று, நடமாட்டத்துக்கு ஒன்று என்று தனித்தனி புரோகிராம் வைத்துத் தருவார்கள். சில கருவிகள் படுப்பதை உணர்ந்து தானே குறைத்துக்கொள்ளும். இதே குறுகுறுப்பினால்தான் வண்டி ஓட்டும்போது அணைத்துவிட வேண்டும் என்கிறார்கள். பிரேக் மிதிக்கிற நேரத்தில் காலில் திடீரென்று அது கூடினால் ஆபத்து.

சார்ஜ் போடும் வகையில் பேட்டரியை முழுசாக வற்ற விடாதீர்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும் ஊர் என்றால் வெளிச் சார்ஜரை எப்போதும் நிரப்பியே வைத்திருங்கள். சார்ஜ் ஆகும்போது அந்த இடம் லேசாகச் சூடாகும், அதனால் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே தூங்கிவிடக் கூடாது. மிக்ஸி, டிவி, ஃபேன் எதுவும் ஒன்றும் செய்யாது. இண்டக்ஷன் அடுப்பு எரியும்போது கருவி இருக்கும் பக்கத்தை அதன் கிட்டே கொண்டுபோகாமல் இருந்தால் போதும். மதுரை மீனாட்சி அம்மன் கோயில் மாதிரி சோதனை வாசல் உள்ள இடங்களிலும் விமான நிலையத்திலும் உடம்பில் கருவி இருப்பதைச் சொல்லும் அட்டையைக் காட்டி, கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் கருவியை அணைத்துவிட்டு, நடுவில் நிற்காமல் நடந்துவிட வேண்டும்.

இதில் ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகும்வரை சொல்லிவையுங்கள். நம் ஊரில் தோள்பட்டை பிடித்துக்கொண்டால் பிசியோதெரபிக்குப் போய் ‘கரண்ட் வைத்துக்கொண்டு’ வருவோம். அந்தச் சொல்லுக்குள் பல மெஷின்கள் அடங்கும். அதில் டயாதெர்மி என்ற சூடேற்றும் மெஷினை ஸ்டிமுலேட்டர் உள்ளவர்களுக்கு ஒருபோதும் வைக்கக் கூடாது. தோளில் வைத்தாலும் கூடாது, கருவியை அணைத்திருந்தாலும் கூடாது. அந்த ஆற்றல் கம்பி வழியாகப் பாய்ந்து நுனியில் சூடாகி, தண்டுவடத்தை ஒட்டிய திசுவைப் பொசுக்கிவிடலாம். உயிருக்கே ஆபத்து வரலாம். அக்கா ஒருமுறை கழுத்துப் பிடிப்புக்காக ஓர் இடத்துக்குப் போனபோது, கேள்வி எதுவும் கேட்காமல் மெஷினை இழுத்து வந்துவிட்டார்கள். அவள் அட்டையைக் காட்டியதும்தான் நிறுத்தினார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்னும், வேறு எந்த ஆபரேஷனுக்கு முன்னும் இதே அட்டையைக் காட்ட வேண்டும். இப்போதைய கருவிகள் பலவற்றோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் எந்த மாடல், எந்தக் கம்பி, உடம்பின் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து நிபந்தனைகள் உண்டு. ஆபரேஷனில் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கருவியிலும் எல்லா வகையும் பாதுகாப்பானதல்ல.

இத்தனை அக்கறையோடு எழுதுகிற நான் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இந்தச் சிகிச்சை எவ்வளவு பலன் தருகிறது என்பதில் மருத்துவ உலகம் ஒரே குரலில் பேசவில்லை. எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2008-இலேயே, ஆறு மாதமாவது மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காத நரம்பு வலிக்கு, ட்ரையல் வெற்றி பெற்றால், இதைப் பரிந்துரைத்தது. சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்னொரு பக்கம், நார்வேயில் முதுகு ஆபரேஷனுக்குப் பின்னும் கால்வலி தீராத 50 பேரிடம், கருவி ஓடுகிறதா இல்லையா என்று அவர்களுக்கே தெரியாமல் ‘பர்ஸ்ட்’ முறையைச் சோதித்தார்கள். ஓடியபோதும் நின்றபோதும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2022-இல் முடிவு வெளியானது. கீழ்முதுகு வலிக்கு இதனால் நீடித்த பலன் கிடைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-இல், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. அந்த ஆய்வுகளில் எடுத்துக்கொண்ட முறையும் நோயாளிகளும் வேறு என்று மறுக்கும் வலி மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்: பல லட்ச ரூபாய் செலவாகும் ஒன்றை ‘நூறு சதவீதம் போயிடும்’ என்று யாராவது உறுதி கொடுத்தால், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். ட்ரையல் வாரத்து நோட்டை நேர்மையாக எழுதுங்கள். முதல் இரண்டு வருடம் நன்றாக வேலை செய்து அப்புறம் பலன் மங்கிப்போனவர்களும் உண்டு. சிலருக்குப் புரோகிராமை மாற்றினால் திரும்புகிறது, சிலர் கருவியை எடுத்துவிடுகிறார்கள். எடுக்க முடியும் என்பது ஓர் ஆறுதல். சாப்பிட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரைகளை மட்டும் கருவி வைத்த மறுநாளே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

அக்காவின் எண் இப்போது நான்கு. சில நாள் ஐந்து, மழை நாளில் ஆறு கூடப் போகும். மூன்றுக்குக் கீழே ஒருநாளும் போனதில்லை. போன தை மாதம் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். நான்கு வருடமாகப் பஸ் சீட்டில் அரை மணி நேரம் உட்கார முடியாமல் இருந்தவள். ஊர் திரும்பியதும் அன்றைக்கும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, பிரகாரத்தில் எத்தனை சுற்று நடந்தாள் என்று போனில் எனக்கு விலாவாரியாகச் சொன்னாள்.

சார்ஜ் போடும் பேட்டரி பத்து வருடத்தை ஒட்டி உழைக்கும். அப்புறம் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள். கம்பி நன்றாக இருந்தால் அதைத் தொட மாட்டார்கள். அந்தப் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் அக்கா எழுதி வைத்திருக்கிறாள்: “2032, பெட்டி மாற்ற வேண்டும். நாடாவுக்குக் கீழே.”